ஜாவாவை நெடுகக் கடந்தவர்கள்

"மலருக்கு ஏதாவது எழுதுங்க, ஆனா ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதியாச்சு" என்று மலர்க்குழு நண்பர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். சரித்திரம் படித்தவனிடம் சரித்திரம்தானே கேட்பார்கள்! சில வருஷங்களுக்கு முன் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை வரை, பஸ்ஸிலும் ரயிலிலுமாகப் பிரயாணம் செய்தேன். ஆனால் இது என் பிரயாணக் கட்டுரை அல்ல. எனக்கு முன்னால் அதே தீவை அதே திசையில் கடந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எழுத ஆசை. பஸ்ஸில் ஏறிவிட்டால் கைகால் நீட்ட இடமில்லை, யோசிக்க மட்டும் நிறைய நேரம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஜாவாவின் பரப்பளவு ஏறக்குறைய நம் தமிழ்நாட்டின் அளவுதான், சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். நீளம் மட்டும் ஆயிரம் கிலோமீட்டர், அகலம் குறைவு. ஆனால் ஜனத்தொகை? 2020 கணக்கெடுப்பின்படி 15 கோடிக்கு மேல்! அதாவது நம்மைப் போல் இரண்டு மடங்கு. இத்தனை பேருக்கு எப்படிச் சோறு கிடைக்கிறது என்று கேட்டால், எல்லோரும் ஏதாவது ஒரு மலையைக் காட்டுவார்கள். நம் தஞ்சைக்குக் காவிரி வண்டல் எப்படியோ, அப்படி ஜாவாவுக்கு எரிமலைச் சாம்பல். தீவின் முதுகெலும்பு மாதிரி மேற்கிலிருந்து கிழக்கு வரை எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. சோறு போடுவதும் அவைதான், கொல்லுவதும் அவைதான்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். "ஜாவாவா? நம்ம ராஜேந்திர சோழன் ஜெயிச்ச இடம்தானே?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். இல்லை. ராஜேந்திரனின் கப்பல்கள் 1025இல் போனது ஸ்ரீவிஜயத்தின் மேல். அது சுமத்ராவும் மலாய்க் கரையும். ஐந்நூற்றுவர் வணிகர்களின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில்தான். நம் இலக்கியத்தில் சாவகம் வருகிறது, மணிமேகலையில் அதற்கு நாகபுரம் என்று ஒரு தலைநகரம்கூட உண்டு. ஆனால் ஜாவாவைத் தமிழ் மன்னர் யாரும் பிடித்து ஆண்டதில்லை. அப்படியானால் அங்கே சிவன் கோயில் எப்படி வந்தது? அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவோம்.

மேற்கு முனையில் ஆன்யெர் என்ற கடற்கரை ஊர். எதிரே கடலுக்குள் கிரக்கத்தாவா. 1883 ஆகஸ்டில் அது வெடித்தபோது எழுந்த கடல் அலையில் ஆன்யெர் அழிந்தது. இரு கரைகளிலுமாக 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்போது நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1885இல் மறுபடி கட்டியது.

1808 ஜனவரியில் இந்தக் கரையில் வந்து இறங்கியவர் ஹெர்மன் வில்லெம் டான்டெல்ஸ். தொழிலில் வக்கீல், பிறகு ராணுவத் தளபதி. ஹாலந்தில் அப்போது ராஜா நெப்போலியனின் தம்பி லூயி. ஆங்கிலேயர் எப்போது வேண்டுமானாலும் ஜாவாவைப் பிடிக்க வரலாம், அதைக் காப்பாற்று என்று சொல்லி இவரைக் கவர்னர் ஜெனரலாக அனுப்பியிருந்தார்கள். இவர் செய்த காரியம்தான் ஜாவாவின் 'பெரிய தபால் சாலை'. ஆன்யெரிலிருந்து கிழக்கே பனாருக்கன் வரை, சுமார் ஆயிரம் கிலோமீட்டர். இருந்த பாதைகளை அகலப்படுத்தி, இல்லாத இடத்தில் மலையை வெட்டி, ஏறத்தாழ ஒரே வருஷத்தில் பெரும் பகுதியை முடித்துவிட்டார். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குதிரை மாற்றும் நிலையம். பத்தேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) சுரபாயாவுக்கு வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்த தபால் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

யார் வெட்டினார்கள்? குடியானவர்கள். ஒவ்வொரு பகுதிக் குறுநில அதிகாரியும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று உத்தரவு. சாலை முடிந்த பிறகு, அதே குடியானவனின் மாட்டு வண்டி அந்த நல்ல சாலையில் ஏறக் கூடாது. பக்கத்தில் ஓடும் மண் தடத்தில்தான் போக வேண்டும்! மேலே துரையின் குதிரை, கீழே சகதியில் நெல் மூட்டை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றும் சண்டை. 12,000 என்ற எண் புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறது. அது ஆங்கிலேயர் தரப்பிலிருந்து வந்த கணக்கு, டான்டெல்ஸ் அவர்களுக்கு எதிரி, ஆகையால் ஊதிச் சொல்லியிருப்பார்கள் என்பது ஒரு கட்சி. போகோர் முதல் சிரெபோன் வரையிலான மலைப் பகுதிக்குக் கூலிப் பணம் ஒதுக்கப்பட்டது, அதிகாரிகள் கையோடு அது நின்றுபோயிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இந்தோனேசியாவின் பெரிய நாவலாசிரியர் பிரமுத்யா அனந்த தூர் இந்த வாதங்களை ஏற்கவில்லை. சுஹார்த்தோ ஆட்சியில் விசாரணையே இல்லாமல் 1979 வரை சிறையிலும் புரு தீவிலும் கிடந்தவர் அவர். 2005இல் இந்தச் சாலையைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் போட்டார், ஊர் ஊராக. அவர் கணக்கில் இது சாலையே அல்ல, புதைகுழி வரிசை.

எண் சரியோ தவறோ, செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. சாலைக்கு மட்டும் துரை பெயர். சுமெடாங் பக்கத்தில் பாறையைக் குடைந்த மலைப்பாதையில் ஒரு சிலை உண்டு. உள்ளூர்ப் பிரபு ஒருவர் டான்டெல்ஸுக்கு இடது கையால் கைகொடுக்கிறார், வலது கை இடுப்பில் உள்ள கிரிஸ் கத்தியின் மேல். "என் ஜனங்களை ஏன் கொல்கிறாய்" என்று கேட்டாராம். நடந்ததா என்று ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம்தான். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுப் பெரியவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவரே இடது கையை நீட்டி நடித்துக் காட்டினார்.

டான்டெல்ஸ் ஜாவாவில் இருந்தது மூன்றே வருஷம். பிறகு நெப்போலியனோடு ருஷியப் படையெடுப்புக்குப் போனார். கடைசியில் ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில் கவர்னராக இருந்து 1818இல் அங்கேயே காலமானார். எந்த எதிரிக்குப் பயந்து சாலை போட்டாரோ அந்த எதிரியே 1811 ஆகஸ்டில் வந்து இறங்கி, ஒன்றரை மாதத்தில் தீவைச் சரணடைய வைத்துவிட்டான். அவனுக்கும் அந்தச் சாலை சௌகரியமாகத்தானே இருந்திருக்கும்!

போகோருக்கு வருவோம். ஊருக்கு மேற்கே சிற்றாற்றங்கரையில் கிடைத்த ஒரு பாறையில் இரண்டு பாதச் சுவடுகள், பக்கத்தில் சமஸ்கிருத சுலோகம். எழுத்து பல்லவர் எழுத்து வகை. பூர்ணவர்மன் என்ற ராஜாவின் பாதம், விஷ்ணுவின் பாதம் போன்றது என்று பொருள். ஐந்தாம் நூற்றாண்டு என்பார்கள். ஜகார்த்தா பக்கம் கிடைத்த இன்னொரு கல்வெட்டில் இதே ராஜா கோமதி என்ற கால்வாயை 6,122 வில் நீளத்துக்கு 21 நாளில் வெட்டி முடித்து, பிராமணர்களுக்கு ஆயிரம் பசு தானம் செய்த செய்தி. பார்த்தவுடன் நமக்கு மார்பு நிமிர்கிறது: ஆஹா, நம் எழுத்து, நம் சாமி! 1926இல் கல்கத்தாவில் 'பெரும் இந்தியா' சங்கம் வைத்த அறிஞர்கள் இதையெல்லாம் இந்தியக் குடியேற்றம் என்றே எழுதினார்கள். வான் லூர் என்ற டச்சுக்காரர் 1934இல் வேறு மாதிரி பார்த்தார்: வந்தவன் ஆளவில்லை, ஆண்டவன் வரவழைத்தான். ஜாவா ராஜாக்கள் தங்களுக்கு வேண்டிய பிராமணனை, வேண்டிய எழுத்தை, வேண்டிய சடங்கைத் தேடி எடுத்துக்கொண்டார்கள் என்றார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. கால்வாய் வெட்டத் தெரிந்த ஊருக்கு, ராஜாவாக இருக்கவா தெரியாது?

இதே போகோர் பகுதியில்தான் பாகுவான் என்ற சுந்தா ராஜ்யத்தின் தலைநகரம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து ஓர் இளவரசர் துறவியாகக் கிளம்பி, ஜாவா முழுதும் நடந்தே போனார். பூஜாங்க மாணிக் என்பது அவருடைய துறவுப் பெயர். அந்தப் பழைய சுந்தா மொழிப் பாட்டில் ஏறத்தாழ 450 ஊர், மலை, ஆறுகளின் பெயர்கள் வருகின்றன. வருணனை குறைவு, "இந்த ஊரைத் தாண்டினேன், இந்த ஆற்றைக் கடந்தேன்" என்று டிக்கெட் கிழிக்கிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். முதல் தடவை பாதி வழி போய்விட்டுத் தாயார் ஞாபகம் வந்து கப்பலில் திரும்பிவிட்டார். அம்மா பெண் பார்த்து வைத்திருந்தார்! மனிதர் மறுபடி கிளம்பிவிட்டார். இந்த ஓலைச்சுவடி இப்போது எங்கே தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டில், பாட்லியன் நூலகத்தில். ஓர் ஆங்கில வியாபாரி 1627இல் கொடுத்தது. நூர்டைன் என்ற டச்சு அறிஞர் 1982இல் அதன் பிரயாண வழிகளை வரைபடத்தில் பொருத்திக் காட்டினார். முந்நூற்றைம்பது வருஷம் அது சீமையில் சும்மா கிடந்திருக்கிறது.

யோக்யகார்த்தாவில் எல்லோரும் போரோபுதூர் போவார்கள். 504 புத்தர்களையும் பற்றி எழுதியவர்கள் நிறைய, நான் தாண்டிப் போகிறேன். பிரம்பனானைத் தாண்ட முடியாது. 856ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு சேர்த்துப் பேசப்படும் சிவன் கோயில், உயரம் 47 மீட்டர். கிழக்குப் பார்த்த கருவறையில் சிவன். வடக்கு அறையில் துர்க்கை, மேற்கில் பிள்ளையார், தெற்கில் தாடியும் தொந்தியுமாக ஒரு முனிவர். யார் அது? நம் அகத்தியர்! கிழக்கு ஜாவாவில் 760ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, மரத்தால் ஆன பழைய அகத்தியர் சிலையை மாற்றிக் கறுப்புக் கல்லில் புதிதாகச் செய்து வைத்ததைச் சொல்கிறது. நமக்குத் தமிழ் தந்தவர், அவர்களுக்கு சிவ குரு. சுற்றுச்சுவரில் ராமாயணம் கல்லில் ஓடுகிறது. சேது கட்டும்போது போட்ட கல்லை மீன்கள் விழுங்குகிற காட்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர்களுடைய பழைய ஜாவா மொழி ராமாயணமும் வால்மீகி வழியாக அல்ல, பெரும்பாலும் பட்டி காவியத்தை வைத்து எழுந்தது. கம்பர் பிறக்கும் முன்பே இந்தக் கல் செதுக்கியாகிவிட்டது.

இங்கே 1812 ஜனவரியில் ஒருவர் வந்து கோயில் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்து அளந்து, கட்டுரையாகவும் எழுதினார். பெயர் காலின் மெக்கன்சி. சரித்திர மாணவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. ஆமாம், நம் மெக்கன்சியேதான்! பாளையக்காரர் வம்சாவளிகளையும் கோயில் கதைகளையும் ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சேகரித்த அதே கர்னல். அந்தச் சுவடிகளில் பெரும்பங்கு சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருப்பதை அறிவீர்கள். 1811 படையெடுப்பில் தலைமை என்ஜினியராக ஜாவா போய், 1813 வரை இருந்தார்.

நம் ஊரில் அவர் சுவடி சேர்த்ததற்கு நாம் நன்றி சொல்கிறோம். ஜாவாவில் கதை வேறு. 1812 ஜூனில் ஆங்கிலப் படையும் சிப்பாய்களும் யோக்யகார்த்தா அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையடித்தார்கள். சுல்தானைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அரண்மனை நூலகத்துச் சுவடிகளை ராஃபிள்ஸ், கிராஃபர்ட், மெக்கன்சி என்ற மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் கேட்டு வாங்கியவர் அங்கே எடுத்துக்கொண்டவராகிவிட்டார். 2019 மார்ச்சில் பிரிட்டிஷ் நூலகம் 75 சுவடிகளை டிஜிட்டல் பிரதிகளாக யோக்யகார்த்தா சுல்தானிடம் கொடுத்தது. பிரதிதான், மூலம் அல்ல. அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "போட்டோவைக் கொடுத்துவிட்டு ஆளை வைத்துக்கொண்டார்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மெக்கன்சியின் இரண்டு முகத்தையும் ஒரே வகுப்பில் நடத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் துறையில் முதல் முகம் மட்டுமே பாடம்.

யோக்யகார்த்தாவுக்கு வடக்கே மெராப்பி புகைந்துகொண்டே நிற்கும். 1966இல் ஒரு விவசாயி நிலத்தைக் கொத்தும்போது மண்வெட்டி கல்லில் பட்டது. தோண்டினால் கீழே முழு சிவன் கோயில், ஆறரை மீட்டர் ஆழத்தில்! சம்பிசாரி என்று பெயர். இன்று படி இறங்கிப் போய்த்தான் சாமி பார்க்க வேண்டும். எத்தனை கோயில்கள் இப்படி வயலுக்கடியில் இருக்கின்றனவோ. 10ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ராஜ்யம் தலைநகரைக் கிழக்கு ஜாவாவுக்கு மாற்றிக்கொண்டதற்கு இந்த மலைதான் காரணம் என்று ஒரு வாதம் உண்டு. வியாபாரம் காரணம் என்று இன்னொரு வாதம். 2010 அக்டோபர், நவம்பரில் மெராப்பி சுமார் 350 பேரைக் கொன்றது. மலைக்குச் சடங்கு செய்ய சுல்தான் நியமித்திருந்த முதியவர் மரிஜான், எல்லோரும் இறங்கச் சொல்லியும் இறங்காமல், தன் கிராமத்திலேயே சாம்பல் மேகத்தில் மாண்டார். பைத்தியக்காரத்தனம் என்பவர்களும் உண்டு, கடமை என்பவர்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை.

கிழக்கு ஜாவா வந்தால் மஜாபாஹித். வில்வதிக்தா என்றும் பெயர். 'கசக்கும் வில்வம்' என்று பொருள். 1359இல் ராஜா ஹயாம் வூரூக் லூமாஜாங் வரை ஒரு பெரிய சுற்றுப்பயணம் போனார். கூடவே போன அரசவைப் பௌத்த அதிகாரி, பிரபஞ்சா என்ற புனைபெயரில், அதை 1365இல் நாகரகிருதாகமம் என்ற காவியமாக எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த பிரயாண நூல் இது. சாலை நிறைய மாட்டு வண்டிகள்; எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் அடையாளம். ராஜாவின் வண்டியில் வில்வப் பழம், லாசம் இளவரசியின் வண்டிகளில் வெள்ளைக் காளை. நம் கட்சிக் கொடிகளை நினைத்துக்கொள்ளுங்கள்! சிங்காசாரி பக்கத்தில் எல்லோரும் ஓய்வெடுக்க, பிரபஞ்சா மட்டும் ஒரு வயதான பிக்ஷுவைத் தேடிப் போய் பழைய ராஜாக்களின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். பிக்ஷுவின் வயது ஆயிரம் மாதம் என்று காவியம் சொல்கிறது. நம் வீட்டில் ஆயிரம் பிறை கண்டவருக்கு சதாபிஷேகம் செய்வோமே, அதே கணக்கு. இதே காவியத்தில், ராஜாவைப் புகழ்ந்து செய்யுள் செய்தவர்களில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த புத்தாதித்யன் என்ற பிக்ஷுவும் உண்டு. ஜாவாவை ஆண்ட தமிழனைத் தேடுபவர்களுக்கு, பாட்டெழுதப் போன காஞ்சிக்காரர் கிடைக்கிறார். எனக்கு இதில்தான் சந்தோஷம்.

நூல் எப்படிக் கிடைத்தது? 1894இல் டச்சுப் படை லொம்போக் தீவின் அரண்மனையை எரித்தபோது, பிராண்டெஸ் என்ற அறிஞர் சுவடிகளைக் காப்பாற்றினார். லைடனுக்குப் போய், 1973இல் மூலமே ஜகார்த்தாவுக்குத் திரும்பியது. தலைநகரம் இருந்த ட்ரோவுலானில் பழைய செங்கல் இன்றும் தோண்டத் தோண்ட வருகிறது. ஆனால் அந்த மண் செங்கல் சூளைக்கு ரொம்ப நல்ல மண். ஆகவே பழைய செங்கல்லை அழித்துப் புதுச் செங்கல் அறுக்கிறார்கள். வயிற்றுப்பாடு, யாரைக் குற்றம் சொல்ல?

ப்ரோமோ எரிமலையில் தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். கசடா திருவிழாவில் காய்கறி, கோழி, ஆடு எல்லாம் எரிமலை வாய்க்குள் எறிவார்கள். பக்கத்து ஊர் ஏழைகள் சரிவில் வலை பிடித்து நின்று அதை எடுத்துக்கொள்வார்கள். சாமிக்கும் ஆட்சேபணை இல்லை போலும். இன்னும் கிழக்கே இஜெனில், எழுபது எண்பது கிலோ கந்தகத்தைத் தோளில் காவடி கட்டி எரிமலை வாயிலிருந்து மேலே சுமந்து வரும் ஆட்களைப் பார்த்தேன். டான்டெல்ஸின் கூலிகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று அங்கேதான் கொஞ்சம் பிடிபட்டது.

டான்டெல்ஸின் சாலை முடியும் பனாருக்கன் பக்கம்தான் ஹயாம் வூரூக்கின் சுற்றுப்பயணமும் கடலைத் தொட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் சுந்தா இளவரசர் இன்னும் போய், தீவின் கிழக்குக் கடைசியில் பிளம்பாங்கன் கரையில் தனியாகத் தவம் இருந்தார். அங்கே ஒரு பெண் துறவி வந்து, கூடவே இருக்கிறேன் என்றாராம். ஆணும் பெண்ணும் நெருப்பும் பனை நாரும் மாதிரி என்றார் இவர். (நம் ஊரில் பஞ்சு, அங்கே நார், அவ்வளவுதான் வித்தியாசம்.) உடனே கப்பலைப் பிடித்து எதிரே தெரியும் பாலித் தீவுக்குப் போய்விட்டார். இன்று அந்த ஜலசந்தியை ஃபெர்ரியில் ஒரு மணி நேரத்தில் கடக்கலாம். ஆனால் பாலியில் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. ஜாவாவை விட அங்கே ஜனக் கூட்டம் ஜாஸ்தி என்று பாட்டிலேயே குறைப்பட்டுக்கொள்கிறார், 15ஆம் நூற்றாண்டிலேயே! ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து பார்த்துவிட்டு, கப்பல் ஏறி ஜாவாக் கரைக்கே திரும்பி, தென்பக்கமாக மறுபடி மேற்கு நோக்கி நடக்க ஆரம்பித்தார்.